பிசிறும் சுங்கவரியும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில், 'வெளிநாட்டுச் சரக்கு வந்து மோதினால்தான் நம் தொழில்கள் கூர்மைபெறும்' என்று எழுதியிருந்தீர்கள். வியாசர்பாடித் தொழிற்பேட்டையில் என் அப்பா 1988இல் தொடங்கிய பிளாஸ்டிக் பொம்மைப் பட்டறையை இப்போது நான் நடத்திவருகிறேன். சீனப் பொம்மைகள் வந்தபின் எங்கள் வரிசையில் இருந்த ஐந்து பட்டறைகளில் மூன்று மூடப்பட்டன. ஈவ்னிங் பஜார் மொத்த வியாபாரி எங்கள் பொம்மைக் காரையும் சீனப் பொம்மைக் காரையும் அருகருகே வைத்து, "நீங்களே சொல்லுங்க, எதை வாங்கட்டும்?" என்று கேட்டபோது அப்பா பதில் பேசாமல் திரும்பிவிட்டார். எங்களுக்கு டை (உருக்கிய பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு) செய்துகொடுத்தவர்கூட இப்போது ஆட்டோ உதிரிபாகங்களுக்கு டை செய்கிறார். எங்களுக்கு நேரம் ஒதுக்குவதில்லை. எங்கள் பக்கத்துப் பழைய ஜவுளி ஆலையான பின்னி மில்லும் இப்படித்தானே போனது? கூர்மைபெற்றது யார் ஐயா? 2020இல் பொம்மைக்கு வரியை உயர்த்திய பிறகே எங்களுக்கு ஆர்டர் கூடியது. அப்படியானால் தடுப்பதுதானே சரி? புது மோல்டிங் மிஷின் வாங்கலாமா என்றும் யோசித்துவருகிறேன். எங்கள் கார் மூன்றும் சீனக் கார் ஒன்றும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

நான்கு கார்களும் வந்து சேர்ந்தன. பெரம்பூரில் என் மாமா ஒருவர் மோல்டிங் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைகளில் அங்கே உட்கார்ந்து, வார்த்த பொருளின் ஓரத்தில் கசிந்து நிற்கும் பிளாஸ்டிக் பிசிறைப் பிளேடால் அறுத்தவன் என்பதால், காரைக் கையில் எடுத்ததும் என் விரல் தானாகவே அடிப்பக்கம் போயிற்று. உங்கள் கார் மூன்றிலும் இடப்பக்கப் பின்சக்கரத்தின் மேலே, டையின் இரு பாதிகளும் சேரும் கோட்டில், ஒரே இடத்தில் பிசிறு நின்று, அறுபட்ட தடம் தெரிகிறது. சீனக் காரில் அந்தக் கோட்டை நகத்தால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அறுப்பதற்கு ஓர் ஆள், அவருடைய நேரம், அறுத்ததை அரைத்து மறுபடி கலக்கும் வேலை என்று ஒவ்வொரு காரின் அடக்கவிலையிலும் அந்தப் பிசிறு ஏறிக்கொள்கிறது. உற்பத்தித்திறன் என்று பொருளியலார் பேசுவது பெரும்பாலும் இந்த மாதிரியான சங்கதியைத்தான்.

பின்னி மில்லை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது மூடப்பட்டது 1996இல். நுகர்பொருள் இறக்குமதி மீதிருந்த அளவுக் கட்டுப்பாடுகள், அதாவது இவ்வளவுதான் இறக்கலாம் என்ற வரம்புகள், முற்றிலும் நீங்கியது 2001 ஏப்ரலில். நாடெங்கும் பெரிய நூற்பு நெசவு ஆலைகளைத் திணறடித்த போட்டி பெரும்பாலும் உள்நாட்டு விசைத்தறிகளிடமிருந்து வந்தது. கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே புகுந்து வீடு போய்ச் சேரும் வடசென்னைக்காரர்கள், போட்டி என்றாலே துறைமுகம் வழியாகத்தான் வரும் என்று நினைப்பதில் வியப்பில்லைதான்.

நீங்கள் எடுத்துக்காட்டிய என் வாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் கட்டிய வாக்கியம். கப்பலில் வந்து இறங்குவது உங்கள் காரோடு போட்டிபோடும் கார் மட்டுமன்று. உங்கள் காரைச் செய்வதற்கான பிளாஸ்டிக் குருணையும், நிறமேற்றும் மாஸ்டர்பேட்ச்சும், டை செய்யும் உருக்கும், மோல்டிங் மிஷினும் அதே கப்பலில்தான் வருகின்றன. 1991 பட்ஜெட் சுங்கவரியின் உச்சத்தை 150 சதவீதத்துக்கு இறக்கியது. வேளாண் பொருள்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு அது 2007-08இல் 10 சதவீதத்துக்கு வந்தது. இந்த இறக்கம் நம் நிறுவனங்களை என்ன செய்தது என்று பொருளியலாளர்கள் பெட்டியா டோபலோவாவும் அமித் கண்டேல்வாலும் ஆராய்ந்தபோது, முடிந்த பொருளின் மீதான வரி குறைந்ததாலும் உற்பத்தித்திறன் உயர்ந்தது, ஆனால் மூலப்பொருள், இடுபொருள் மீதான வரி குறைந்ததால் கிடைத்த உயர்வே பெரிது என்று கண்டார்கள். அவ்விருவரும் பினலோப்பி கோல்ட்பர்க், நினா பாவ்ச்னிக் ஆகியோருடன் சேர்ந்து 2010இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, அக்காலத்தில் இந்திய நிறுவனங்கள் புதிதாகச் செய்யத் தொடங்கிய பொருள்களில் சுமார் 31 சதவீதத்துக்கு இடுபொருள் வரிக்குறைப்பே காரணம் என்று கணக்கிட்டது. முன்பு கிடைக்காத சரக்கு கிடைத்தது, அதனால் முன்பு செய்யமுடியாத பொருளைச் செய்தார்கள். ஆகவே 'இறக்குமதியைத் தடுப்பதுதானே சரி' என்று நீங்கள் கேட்கும்போது, எதன் இறக்குமதியை என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

'கூர்மைபெற்றது யார்' என்ற கேள்விதான் என்னை இரண்டு நாள் உட்காரவைத்தது. சிலி நாடு தன் சந்தையைத் திறந்துவிட்ட காலத்தின் ஆலைக் கணக்குகளை, 1979 முதல் 1986 வரை, பாவ்ச்னிக் ஆராய்ந்திருக்கிறார். இறக்குமதியோடு மோதிய ஆலைகள், மோதாத துறைகளின் ஆலைகளைவிட 3 முதல் 10 சதவீதம் வரை கூடுதலாகத் திறன்பெற்றன. ஆனால் மொத்த உற்பத்தித்துறையின் உயர்வைப் பிரித்துப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, திறன் குறைந்த ஆலைகளின் கையிலிருந்த உற்பத்தி திறன் மிகுந்தவற்றின் கைக்கு மாறியதால் வந்தது. உங்கள் வரிசையில் மூன்று பட்டறைகள் மூடினால் மீதியுள்ளவற்றின் சராசரி உயரும். ஒருவரும் ஒரு பிசிறைக்கூடக் குறைத்திருக்க வேண்டியதில்லை. மூடிய பட்டறையின் ஆட்கள் மறுநாள் எங்கே போனார்கள் என்பது அந்தச் சராசரியில் தெரியாது. இதைச் சொல்லாமல் 'தொழில் கூர்மைபெற்றது' என்று எழுதியது என் பிழை.

மோதலைக் கண்டு யார் முன்னேறுகிறார், யார் முடங்குகிறார் என்பதற்கு, 2025இல் பொருளியல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான பிலிப் அகியோனும் அவருடன் ஆய்ந்தவர்களும் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். தொழில்நுட்பத்தில் முன்வரிசைக்கு அருகில் இருப்பவருக்கு, ஓர் அடி முன்னே போனால் எதிராளியை விட்டுத் தப்பலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது, அதனால் ஆராய்ச்சியில் பணம் போடுகிறார். வெகுதூரம் பின்தங்கியவருக்கு, ஓடினாலும் பிடிக்கமுடியாது என்று தெரிவதால், இருப்பதையும் நிறுத்திவிடத் தோன்றுகிறது. உங்கள் அப்பா பதில் பேசாமல் திரும்பினாரே, அந்த இடம். சீன இறக்குமதி பெருகியபோது ஐரோப்பிய நிறுவனங்கள் காப்புரிமைகளையும் கணினிப் பயன்பாட்டையும் கூட்டின என்று ஓர் ஆய்வும், அமெரிக்க நிறுவனங்களில் காப்புரிமைகள் குறைந்தன என்று இன்னோர் ஆய்வும் சொல்வதை வைத்து, பொருளியலாருக்கே தெளிவில்லை என்று சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை, ஏனெனில் உங்கள் ஒரே கடிதத்துக்குள்ளேயே இரண்டும் இருக்கின்றன.

அந்த டைக்காரரைத்தான் சொல்கிறேன். பொம்மை ஆர்டர் நின்று, கையில் வேலைத்திறமும் பட்டறையில் லேத்தும் சும்மா இருந்தபோது, புதிய வேலையைக் கற்றுக்கொள்வதால் அவருக்கு இழக்க எதுவும் இல்லாமற்போயிற்று. வேலை குவிந்திருந்தால் அவர் அந்தப் பக்கம் திரும்பியே இருக்கமாட்டார். கூர்மைபெற்றவர் அவர், உங்கள் கண்ணுக்கு அது தெரியாததற்குக் காரணம், அது பொம்மைத் தொழிலின் கணக்கில் வராமல் வேறு தொழிலின் கணக்கில் சேர்ந்ததுதான். திருவொற்றியூரில் 1946இல் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம்தான், 1952இல் ட்ரெட் ரப்பருக்கு (டயரின் மேற்புற ரப்பர்) திரும்பி, பின்னாளில் டயர் செய்யும் எம்.ஆர்.எஃப் ஆயிற்று என்பது இதை எழுதும்போது நினைவுக்கு வருகிறது.

வரிக்கு வருவோம். 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆன பொம்மை வரியும், 2021 ஜனவரி முதல் கட்டாயமான ஐ.எஸ்.ஐ முத்திரையும் உங்களுக்கு மூச்சுவிட இடம் தந்திருக்கின்றன. இதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அதே வரிச்சுவருக்குள் உங்களைவிடப் பெரிய முதலீட்டோடு உள்நாட்டு நிறுவனங்களும் பொம்மை செய்ய வந்துகொண்டிருக்கின்றன, அவர்களுடைய காரிலும் பிசிறு இருக்காது. முத்திரைக்கான சோதனைச் செலவும் அவர்களைவிட உங்களுக்குத்தான் பாரம். அரசு உங்களுக்கு உண்மையிலேயே உதவ விரும்பினால், காருக்கு இன்னும் 10 சதவீதம் வரி கூட்டுவதைவிட, டை உருக்குக்கும் குருணைக்கும் இருக்கும் வரியைக் குறைத்து, தொழிற்பேட்டைக்குள்ளேயே ஒரு பொதுச் சோதனைக்கூடம் வைத்துக்கொடுக்கலாம் என்பது என் கருத்து.

மிஷினைப் பற்றி. டையின் இரு பாதிகளையும் மிஷின் அழுத்திப் பிடிப்பது போதவில்லையென்றால் பிசிறு பொதுவாகச் சுற்றிலும் வரும். மூன்று காரிலும் ஒரே இடத்தில் வந்திருப்பதால் டை அங்கே தேய்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். தேய்ந்த டையைப் புது மிஷினில் மாட்டினால் அதே பிசிறு இன்னும் வேகமாக வரும், கடன் தவணையும் சேர்ந்து வரும். முதலில் உங்கள் பழைய டைக்காரரைப் பார்த்து, அவருடைய இப்போதைய கூலியையே கொடுப்பதாகச் சொல்லி, ஒரே தடவையில் நான்கு கார் வார்க்கும் நான்கு கேவிட்டி டை ஒன்றுக்கு என்ன கேட்கிறார் என்று விசாரித்து எழுதுங்கள். அவரிடம் காட்டுவதற்குச் சீனக் கார் தேவைப்படுமென்றால் நாளையே கூரியரில் திருப்பி அனுப்புகிறேன்.