பெயரை மாற்றிய பேராசிரியர்

அன்புள்ள ஐயா,

மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன். கல்லூரி மலருக்கு நரம்பு உடலியங்கியல் பேராசிரியர் அவ்தார் சிங் பெயின்டல் பற்றி எழுதுகிறேன். பிறப்பு, பட்டங்கள், விருதுகள் எல்லாம் திரட்டிவிட்டேன்; குறிப்பை இணைத்திருக்கிறேன். வேறு என்ன சேர்க்கலாம்? கலைச்சொற்களைத் தமிழில் எழுத வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கலைச்சொல்லுக்கு அகராதி இருக்கிறது, விடுங்கள். பர்மாவின் மோகோக்கில் 1925இல் பிறப்பு, லக்னோவில் மருத்துவம், எடின்பரோவில் முனைவர் பட்டம், 1981இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் உறுப்பினர், 1986இல் பத்ம விபூஷண். பிழையில்லை. ஆனால் இதைப் பெயர்ப்பலகையிலும் எழுதலாமே! அந்த மனிதர் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட உங்கள் குறிப்பில் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

மூளையை நுரையீரல், இதயம் போன்ற உறுப்புகளோடு இணைக்கும் வேகஸ் நரம்பைப் பூனையில் இழை இழையாகப் பிரித்து, ஒற்றை இழையில் ஓடும் மின்துடிப்பைப் பதிவு செய்தவர் அவர். நுரையீரலிலிருந்து வரும் சில இழைகளைப் பற்றி 1955இல் எழுதியபோது, நுரையீரல் சுருங்குவதை உணர்பவை என்று கருதி அப்படியே பெயரும் வைத்தார். பிறகு நுரையீரலின் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களான தந்துகிகளில் இரத்தம் தேங்கி, அவற்றை ஒட்டிய திசுவில் நீர் கோக்கும்போது இவை கிளர்வதைக் கண்டார். 1969 கட்டுரையில் அவை 'ஜே' வகை ஏற்பிகள், அதாவது மாற்றத்தை உணரும் நரம்பு நுனிகள். 'ஜே' என்பது 'ஒட்டிய' என்னும் பொருள் தரும் 'ஜக்ஸ்டா'வின் முதலெழுத்து; தந்துகியை ஒட்டி இருப்பவை என்று பொருள். பதினான்கு ஆண்டுகள்! தான் வைத்த பெயரைத் தானே அடித்துவிட்டு எழுதியிருக்கிறார். அதைச் செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்? நாமெல்லாம் தப்பென்று தெரிந்த பின்னும் பழைய சொல்லுக்கு முட்டுக்கொடுக்கிறவர்கள்.

என் அப்பா கடைசிக் காலத்தில் நான்கு தலையணைகளை முதுகுக்கு அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்கினார். இதயம் தளர்ந்திருந்தது. மாடி ஏறினால் ஆறாவது படியில் கால் துவண்டுவிடும். "வெறும் பயம்தான்" என்றார் ஒரு மருத்துவர். நானும் நம்பி, தைரியமாக ஏறுங்கள் என்று அப்பாவை அதட்டினேன். ஜே ஏற்பிகள் தூண்டப்பட்டால் மூச்சு வாங்கும், கைகால் தசைகள் தளரும், உழைப்பை நிறுத்த வைக்கும் அனிச்சைச் செயல் அது என்று பெயின்டல் வாதிட்டதை அப்பா போய் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அன்று இரவு நான் தூங்கவில்லை.

நீங்கள் நாளை வார்டில் நிற்கப்போகிறவர், அம்மா. அந்தப் பெயர்மாற்றத்தை முதல் பத்தியில் வையுங்கள். பத்ம விபூஷண் கடைசியில் ஒரு வரி இருந்தால் போதும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.