தெளித்த களைக்கொல்லி எப்போது போகும்?

சமூகத் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த பாத்தியில் யாரோ கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்திருக்கிறார்கள். எப்போது கீரை விதைக்கலாம்? (ஈசூன், சிங்கப்பூர்)

எத்தனை நாள் விட வேண்டும் என்பது புட்டி லேபிளில் இருக்கும், அதுதான் கணக்கு. பொதுவாக நீண்ட நாள் காத்திருக்க வேண்டியதில்லை. கிளைபோசேட் மண்ணில் பட்டதுமே களிமண்ணோடும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோடும் இறுக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை வேர் அதிகம் உறிஞ்சாது. ஆனால் ஒட்டியது வேறு, சிதைந்தது வேறு. சிதைப்பவை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள். பாதியாகக் குறையச் சில நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். 47 நாள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அடுத்த 47 நாளில் மீதியும் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள், அதிலும் பாதிதான் போகும். சிதையும்போது உருவாகும் ஆம்பா என்ற பொருள் இன்னும் மெதுவாகத்தான் சிதையும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் நுண்ணுயிரிகளுக்குக் கொண்டாட்டம் என்பது ஒரு நல்ல விஷயம்.

தேக்கா சந்தையில் வாங்கும் பருப்பைக் கழுவினால் களைக்கொல்லி போய்விடுமா?

மேலே படிந்தது ஓரளவு போகும். சில நாடுகளில் மைசூர்ப் பருப்புச் செடியைச் சீராகக் காயவைக்க அறுவடைக்கு முன் கிளைபோசேட் தெளிப்பார்கள். அது செடிக்குள் ஊடுருவிச் செல்லும் ரகம், கொஞ்சம் பருப்புக்குள்ளும் இருக்கும். வேகவைத்தாலும் சிதையாது. அதனால்தான் வரம்பு வைத்துச் சோதிக்கிறார்கள். இங்கே அது சிங்கப்பூர் உணவு அமைப்பின் வேலை.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் களைக்கொல்லி போகுமா?

கிருமிக்குச் சரி, களைக்கொல்லிக்கு அல்ல. நீர்தான் ஆவியாகும். நியூவாட்டருக்கு, அதாவது கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நீருக்கு, பயன்படும் எதிர்ச் சவ்வூடுபரவல் சவ்வு, களைக்கொல்லிகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

மாட்டெரு போட்ட தொட்டியில் தக்காளி இலை கிண்ணம்போல் சுருள்கிறது. வைரஸா? (பொங்கோல்)

இருக்கலாம், வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் இங்கே சகஜம். ஆனால் அதே எரு போட்ட அவரையும் சுருண்டால் என் சந்தேகம் எருவின் மேல்தான். குளோபிராலிட், அமினோபிராலிட் போன்ற களைக்கொல்லிகளை மேய்ச்சல் புல்லில் அடிப்பார்கள். மாட்டின் வயிற்றிலும் அவை பெரிதாகச் சிதையாமல் சாணத்தில் வந்துவிடும், எருக்குழிச் சூட்டையும் தாங்கும். மிகச் சிறிய அளவே தக்காளியைக் கெடுக்கப் போதும். ஆய்வகத்துக்கு ஓட வேண்டாம். எரு கலந்த மண்ணில் மூன்று தொட்டி, கலக்காத மண்ணில் மூன்று தொட்டி வைத்து அவரை விதையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் எருத் தொட்டிகளில் மட்டும் புது இலை சுருண்டால் விடை கிடைத்துவிட்டது. அந்த எருவைக் குப்பையில் போடுங்கள், இன்னொருவருக்குத் தானம் செய்யாதீர்கள்.

ரசாயனம் வேண்டாம் என்று வினிகரில் உப்புக் கரைத்துத் தெளிக்கிறேன். சரிதானே?

வினிகர் சீக்கிரம் சிதையும். உப்பு சிதையவே சிதையாது. எந்த நுண்ணுயிரியும் அதைத் தின்னாது. தரையில் என்றால் மழை அடித்துப் போகும் வரை காத்திருக்கலாம். காரிடார் தொட்டியில் என்றால் மண்ணை மாற்றிவிடுங்கள்.