சுழி மின்னழுத்தமும் சுழியாகாத மின்புலமும்

கேள்வி: சமமான நேர், எதிர் மின்துகள்கள் இரண்டின் நடுப்புள்ளியில் மின்னழுத்தம் சுழி, ஆனால் மின்புலம் சுழியன்று என்று படித்தேன். அழுத்தமே இல்லாத இடத்தில் விசை எங்கிருந்து வருகிறது?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பதில்: உங்களைக் குழப்புவது 'சுழி' என்ற சொல்தான். கடல்மட்டத்தைச் சுழியாகக் கொண்டு மலையின் உயரத்தைச் சொல்வதுபோல, முடிவிலாத் தொலைவைச் சுழியாகக் கொண்டே இங்கு மின்னழுத்தத்தைச் சொல்கிறோம். கடலுக்குள் இறங்கும் சரிவில் உருளும் கல், கடல்மட்டம் வந்ததும் நின்றுவிடுவதில்லை. விசையைத் தீர்மானிப்பது உயரம் அன்று, சரிவு. வகுப்பறைகளில் சூத்திரத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது இந்த வேறுபாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்கிட்டே பார்த்துவிடலாம். +1, −1 நானோகூலூம் மின்னூட்டம் கொண்ட இரு புள்ளி மின்துகள்கள் காற்றில் 20 செ.மீ. இடைவெளியில் உள்ளன என்று கொள்ளுங்கள். நடுப்புள்ளியில் ஒன்று +90 வோல்ட்டும் மற்றொன்று −90 வோல்ட்டும் தருவதால் கூட்டுத்தொகை சுழி. அங்கிருந்து நேர் மின்துகளை நோக்கி 1 செ.மீ. நகர்ந்தால், தொலைவுகள் 9 செ.மீ., 11 செ.மீ. என்றாகி, மின்னழுத்தம் ஏறத்தாழ +18 வோல்ட் ஆகிறது. எதிர்ப்பக்கம் அதே அளவு நகர்ந்தால் −18 வோல்ட். 2 செ.மீ. தூரத்துக்குள் ஏறத்தாழ 36 வோல்ட் இறங்குகிறது அல்லவா? மீட்டருக்கு 1800 வோல்ட் என்ற அந்தச் சரிவுதான் அங்குள்ள மின்புலம். நேர் மின்துகள் தள்ளும் திசையும் எதிர் மின்துகள் இழுக்கும் திசையும் ஒன்றே என்பதால், 900-உம் 900-உம் கூடி அதே விடை வருகிறது.

இனி எதிர் மின்துகளை எடுத்துவிட்டு, அங்கும் +1 நானோகூலூம் வையுங்கள். நடுப்புள்ளியில் மின்னழுத்தம் 180 வோல்ட், மின்புலமோ சுழி. இரு துகள்களில் எதை நோக்கி 1 செ.மீ. நகர்ந்தாலும் மின்னழுத்தம் ஏறத்தாழ 182 வோல்ட்டாக ஏறுகிறது; இணைப்புக்கோட்டுக்குச் செங்குத்தாக நகர்ந்தால் குறைகிறது. இரு மலைகளுக்கு இடைப்பட்ட கணவாயின் உச்சி இப்படித்தான் இருக்கும். அங்கே வைத்த ஒரு நேர் மின்துகள் கோட்டின் வழியே சிறிது விலகினால் திரும்பிவரும். பக்கவாட்டில் இம்மி விலகினாலும் திரும்பாது. நிலைமின் விசைகளை மட்டும் கொண்டு ஒரு மின்துகளை உறுதிச் சமநிலையில் நிறுத்த இயலாது என்று சாமுவேல் எர்ன்ஷா நிறுவிய தேற்றத்தின் மிக எளிய வடிவம் இதுவே.