டப்ளின் 1922 – கடிதம்

அன்புள்ள அக்கா,

அயர்லாந்தின் 1922 பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒரே கேள்விதான். விடுதலைத் தலைவர்களில், அயர்லாந்துக்குச் சுயாட்சி தந்த பிரிட்டனுடனான ஒப்பந்தத்தை ஏற்ற மைக்கேல் காலின்ஸ் சரியா, எதிர்த்த டி வலேரா சரியா? அதைச் சொல்லாமல் ஆவணக் காப்பகம் எரிந்ததையே ஏன் இவ்வளவு எழுதுகிறீர்கள்? உள்நாட்டுப் போரில் ஆட்களே செத்துக்கொண்டிருந்தபோது பழைய காகிதம் போனது பெரிய இழப்பா?

கதிர்

அன்புள்ள கதிர்,

ஒப்பந்த வழக்கை விடுங்கள். 64க்கு 57 என்று அயர்லாந்து நாடாளுமன்றமே பிளந்து நின்ற விஷயம், நான் தீர்ப்புச் சொல்லி முடியப்போவதில்லை. உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். அந்தக் காப்பகம் கொஞ்ச நாளாகவே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய காகிதம் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! அதில் என்ன இருந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

லிஃபி நதிக்கரையில் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தை ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் ஏப்ரலில் பிடித்தார்கள். காப்பகம் அந்த வளாகத்துக்குள்தான் இருந்தது. ஜூன் 28 அன்று காலின்ஸின் படை பிரிட்டிஷாரிடம் வாங்கிய பீரங்கிகளால் அதைச் சுட ஆரம்பித்தது. காப்பகத்துக்குள் வெடிமருந்து சேர்த்தவர்கள் ஒரு தரப்பு, வளாகத்தின் மீது குண்டு போட்டவர்கள் மறுதரப்பு. ஜூன் 30 அன்று எல்லாம் போயிற்று. கருகிய தாள்கள் காற்றில் பறந்து ஊர் முழுக்க விழுந்தன.

எரிந்தவற்றில் 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் இருந்தன. பின்னால் வந்த 1861 முதல் 1891 வரையிலான படிவங்களை அரசாங்கமே ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தது. 1841க்கும் 1851க்கும் இடையில்தான் பெரும்பஞ்சம். 1841ல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் 1851ல் 65 லட்சம் சொச்சம். அந்த 1851 படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: கடந்த பத்து ஆண்டுகளில் இந்தக் குடும்பத்தில் இறந்தவர்கள் யார், வயது என்ன, எதனால் இறந்தார்கள்? வீட்டில் ஒருவர் மிஞ்சியிருந்தால் போதும், செத்துப்போன குழந்தையின் பெயர் அங்கே ஏறியிருக்கும்.

காலின்ஸ் ஆகஸ்ட் 22 அன்று, 31 வயதில், சுடப்பட்டுச் செத்தார். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவருக்கு வரலாற்று நூல்கள் இருக்கின்றன. பஞ்சத்தில் பசியால் செத்த கூலிக்காரர் மகளுக்கு அந்த ஒரு வரிதான் இருந்தது. அதையும் அவள் நாட்டுக்காரர்களே எரித்தார்கள், விடுதலையின் பெயரால். எந்தப் பக்கம் நின்று எரித்தார்கள் என்பதா பெரிய விஷயம்?

என் பாட்டிக்குப் பிறந்த தேதி கிடையாது. முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று கேட்டபோது, "பெரிய புயலடிச்ச வருஷம் நான் கைப்புள்ள" என்று ஓர் அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பு வாங்கினாள். அயர்லாந்திலும் 1909ல் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது கிழவர்களும் கிழவிகளும் 1839 ஜனவரிப் பெரும்புயல் நினைவிருக்கிறது என்றுதான் வயதை நிறுவினார்கள். பிறப்புப் பதிவு அங்கே 1864ல்தான் எல்லோருக்கும் வந்தது. அதனால் வயதுக்கு ஆதாரம் தேடி 1841, 1851 படிவங்களைப் புரட்டினார்கள். வாரம் ஐந்து ஷில்லிங்குக்காகச் சிறுவயதில் இருந்த ஊர், அப்பா பெயர், அம்மா பெயர் சொல்லி விண்ணப்பித்தார்கள். எழுத்தர்கள் தேடிக் குறித்து வைத்தார்கள்.

அந்தத் தேடல் தாள்கள் பிழைத்துக்கொண்டன, கதிர். மூலம் சாம்பலான பிறகும் சில குடும்பங்களின் விவரம் அவற்றில்தான் இருக்கிறது. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிலவற்றில் 'கிடைக்கவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கும். அப்படி ஓர் இருபது தாளையாவது பொறுமையாகப் படியுங்கள். அப்புறம் டி வலேராவைப் பற்றிப் பேசலாம்.