குழுவில் சேர்ந்ததால் உடல்நலம் கூடியதா?

வணக்கம் தோழி. உங்க ஆய்வுக்காக, கடன் தர்ற சுய உதவிக் குழுவில் இருக்கிற 60 பெண்களையும், குழுவுக்கு வெளியே இருக்கிற 60 பெண்களையும் ஒப்பிட்டிருக்கீங்க. குழுப் பெண்கள்தான் ஆஸ்பத்திரிக்கு அதிகம் போறாங்க. "கடனால் உடல்நலம் மேம்பட்டது"ன்னு எழுதினதை கைடு அடிச்சுட்டார்னு சொல்றீங்க. அடிச்சது சரிதான், கோவிச்சுக்காதீங்க.

குழுவில் யார் சேருவாங்க? வீட்டை விட்டு வெளியே வர முடிஞ்சவங்க, நாலு பேர் முன்னாடி பேசத் தெரிஞ்சவங்க. குழு இல்லாட்டியும் அவங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க. பரம ஏழைகளை, தவணை கட்டமாட்டாங்கன்னு குழுவே ஒதுக்குறதும் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் நடந்த 'இமேஜ்' ஆய்வைப் பாருங்க. 2006-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 8 கிராமங்களை ஜோடி ஜோடியாக்கி, திட்டம் முதல்ல வர்ற ஊர் எது, ஒப்பிட வெச்சிருக்கிற ஊர் எதுன்னு குலுக்கல் முறையில் பிரிச்சாங்க. சிறுகடனோடு பாலின சமத்துவம், எச்.ஐ.வி. பற்றிய பயிற்சியும் கொடுத்தாங்க. திட்டத்தில் சேர்ந்த பெண்கள் மேல் துணைவர் காட்டும் வன்முறை 55 சதவீதம் குறைஞ்சது. ஊரில் புது எச்.ஐ.வி. தொற்று மட்டும் குறையல. அப்புறம் கடன் மட்டும் வாங்கின பெண்களோட ஒப்பிட்டாங்க. கையில காசு ரெண்டு பக்கமும் புரண்டுச்சு. மத்த மாற்றங்கள் பயிற்சி பெற்றவங்ககிட்டதான் தெளிவா தெரிஞ்சது. எனக்கு முக்கியமாப் படுறது இதுதான்.

உங்களுக்கு இன்னும் நேரம் இருந்தா, இப்பதான் சேர்ந்து கடன் வாங்காத பெண்களைத் தேடி, பழைய உறுப்பினர்களோட ஒப்பிடுங்க. ரெண்டு பக்கமும் தானா சேர முன்வந்தவங்கதானே. தேசிய குடும்பநல ஆய்வுல கேட்கிற மாதிரி, "உங்க வைத்தியத்தை யார் முடிவு பண்றாங்க? தனியா ஆஸ்பத்திரி போக விடுவாங்களா?"ன்னும் கேளுங்க. மாமியார் பக்கத்துல இருக்கும்போது மட்டும் கேட்காதீங்க.