40 ஈட்டி வீரர்களை ஒரே அணியாக நிறுத்தலாமா, பிரிக்கலாமா?

மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் வார்ஹாமர் ஃபேண்டஸி விளையாட்டின் 8ஆம் பதிப்பில் 40 எம்பயர் (மனிதப் படை) ஈட்டி வீரர்களை 10 பேர் அகலத்தில் ஒரே ஹோர்டாக (கூடுதலாக ஒரு வரிசை சண்டையிடும் அகல அணி) நிறுத்துவதா, 20-20 ஆகப் பிரிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். 25, 15 என்று பிரியுங்கள்.

20 பார்க்க நிறைவான எண். 5 பேர் அகலத்தில் 4 வரிசை, வரிசை போனஸ் (முதல் வரிசைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு 5 பேர் வரிசைக்கும் சண்டைக் கணக்கில் கூடும் +1) அதிகபட்ச +3 முழுதாகக் கிடைக்கும். ஆனால் ஒரே ஒருவர் அம்பு பட்டு விழுந்தாலும் கடைசி வரிசையில் 4 பேர்தான் மிஞ்சுவார்கள். அந்த வரிசை கணக்கில் வராது, போனஸ் +2 ஆகிவிடும். எதிரியைத் தொடுமுன் ஒருவரும் சாகாத ஆட்டம் எங்கே இருக்கிறது? 25 பேர் என்றால் 5 பேர் போன பிறகும் +3 நிற்கும். பேனிக் டெஸ்ட்டும் (பீதியில் ஓடுகிறார்களா என்று பகடை போடும் சோதனை) அப்படித்தான். ஒரே கட்டத்தில் கால்பங்கு விழுந்தால் டெஸ்ட். 20 பேரில் 5 பேர் போதும். 25 பேரில் 7 பேர் விழ வேண்டும். 21 ஆக்கினாலே 6 ஆகிறது. ஓர் ஆளைக் கூட்டினால் கிடைக்கும் இந்த லாபத்தை யாரும் விடக்கூடாது.

15 பேர் பக்கவாட்டில் இறங்க. அங்கே தாக்கும் அணிக்கு 5 பேர் கொண்ட 2 வரிசை இருந்தால்தான் எதிரியின் வரிசை போனஸ் அழியும். 10 பேரை அனுப்பினால் ஒருவர் விழுந்ததும் அது போயிற்று. 15 பேரில் 5 பேர் வரை தாங்கலாம். ஒன்றை மறக்காதீர்கள்: ஃபிளாங்கில் (பக்கவாட்டில்) அடித்தால் போனஸ்தான் போகும், ஸ்டெட்ஃபாஸ்ட் (அதிக வரிசையால் வரும் உறுதி) போகாது. எதிரியிடம் உங்களைவிட அதிக வரிசை இருக்கும்வரை தோற்ற வித்தியாசத்தைக் கழிக்காமல்தான் பிரேக் டெஸ்ட் (தோற்றபின் ஓடாமல் நிற்பார்களா என்ற சோதனை) போடுவார். லீடர்ஷிப் (மன உறுதி எண்) 7 என்றால், இரண்டு பகடையில் 7 அல்லது குறைவாக விழுந்து அவர் நிற்கும் வாய்ப்பு 58%. 12 அங்குலத்துக்குள் அவருடைய படைக்கொடி ஏந்தி நின்றால் மறுவீச்சோடு 83%. ஆகவே முதலில் அந்தக் கொடிக்காரரை வீழ்த்தப் பாருங்கள்.

ஹோர்டே தவறு என்று நான் சொன்னதாகச் சண்டைக்கு வர வேண்டாம். அகலமான எதிரி முன் இருகை ஆயுதக்காரர்களுக்கு அது சரியான வடிவம். ஆனால் 5 பேர் அகல எதிரி முன், இரு பக்கமும் ஒரே அளவு பேஸ் (பொம்மை நிற்கும் அடித்தட்டு) என்றால், மூலைகளையும் சேர்த்து 7 பேர்தான் தொடுவார்கள். ஈட்டிக்கு 4 வரிசை சண்டையிட்டாலும் 28 தாக்குதல்தான். ஓரத்தில் நிற்கும் 12 பேர் சும்மா நிற்பார்கள். 40 பேர் அப்படி நின்றால் வரிசையும் 4தான், எதிரே 5 வரிசையில் நிற்கும் 25 பேர் ஸ்டெட்ஃபாஸ்ட் ஆகிவிடுவார்கள்.

திரும்புவதும் சிரமம். 20 மி.மீ. பேஸில் 10 பேர் 200 மி.மீ., ஏறக்குறைய 8 அங்குலம். 4 அங்குல நகர்வு முழுவதையும் செலவழித்தாலும் 29 டிகிரிதான் திரும்பலாம். 5 பேர் அகலம் 58 டிகிரி திரும்பும்.

இதைச் சொல்லும்போதே ஒரு வருத்தம். வீலை (ஒரு மூலையை மையமாக வைத்து அணி திரும்புவதை) நடு ஆளிலிருந்து அளப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அப்படி அளந்தால் இருமடங்கு திரும்பலாம், எதிரியின் ஃபிளாங்க் இலவசமாகக் கிடைக்கும். அளக்க வேண்டியது வெளிமூலை ஆளிலிருந்து; அணி நிற்கும் டிரேயைக் கையால் தள்ளுமுன் அந்த மூலையில் ஒரு பகடையை வைத்துவிடுங்கள்.

2024இல் வந்த, அதே உலகில் நடக்கும் புதிய ஆட்டமான தி ஓல்ட் வேர்ல்டுக்கு இந்த எண்களைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஸ்டெட்ஃபாஸ்ட் கிடையாது, மனிதக் காலாட்படையின் பேஸும் 25 மி.மீ.