வரைந்தது நான், பெயர் முதலாளிக்கா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். ஈப்போவில் ஓர் உள்ளலங்கார நிறுவனத்தில் துணி டிசைன், அறை அலங்காரம் இரண்டும் செய்கிறேன். பால்மர இலையை வைத்து நான் வரைந்த திரைச்சீலைதான் ஒரு ஹோட்டல் முழுக்கத் தொங்குகிறது. பத்திரிகையில் முதலாளி பெயர் மட்டும் வந்தது. ஊரிலோ நான் 'கர்டன் தைக்கிற பிள்ளை'. வேலையை விட்டுச் சொந்தமாகத் தொடங்கினால் பெயர் கிடைக்குமா?

பதில்: ஊர்ப் பேச்சை விடுங்கள், தங்கச்சி. கர்டன் தைப்பதும் மரியாதையான தொழில்தான். முதலாளி விஷயத்துக்கு வருவோம்.

சம்பளத்துக்கு இருக்கும்போது வேலைக்காக வரைந்ததன் பதிப்புரிமை முதலாளிக்குப் போகும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படி. சரி, சொந்தக் கடை போட்டால்? அங்கும் இதே கதைதான். வரையச் சொல்லி வேலை கொடுத்த வாடிக்கையாளருக்கே அந்தச் சட்டம் உரிமையைக் கொடுத்துவிடுகிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால்தான் உங்களிடம் நிற்கும். நம் ஆட்களில் பலர் வாய்ப்பேச்சிலேயே வேலையை முடித்துவிட்டு அப்புறம் புலம்புவார்கள்.

படைத்தவர் பெயரைச் சொல்லவேண்டும் என்பது தனி விஷயம். அதே சட்டத்தின் 25ஆம் பிரிவில் அது இருக்கிறது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை. லண்டன் ஹீல்ஸ் நிறுவனம், துணி வடிவமைப்பாளர் லூசியன் டே வரைந்த துணிகளின் ஓரத்திலேயே அவர் பெயரை அச்சிட்டது. முதலாளிக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள், வாதம் பாதி குறையும்.

உங்கள் இரண்டு தொழிலுக்கும் வழி வேறு. உள்ளலங்கார வடிவமைப்பாளர் என்று போட்டுக்கொள்ள கட்டடக் கலைஞர் வாரியமான லெம்பாகா ஆர்க்கிடெக் மலேசியாவில் பதிவு வேண்டும். அதற்கான தகுதியை இப்போதே சேர்த்துவாருங்கள். துணி டிசைனருக்கு அந்தப் பதிவு இல்லை. புது டிசைன் உரிமை உங்களுடையதாக இருந்தால், வெளியே காட்டுவதற்கு முன்பே மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் தொழிலியல் வடிவமைப்பாகப் பதியலாம். முதலில் 5 ஆண்டு, புதுப்பித்தால் 25 ஆண்டு வரை பாதுகாப்பு. ஹோட்டலில் தொங்கிவிட்ட திரைச்சீலைக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது என்றே வையுங்கள்.

இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். அடுத்த திட்டம் தொடங்கும் முன்பே, 'துணி வடிவமைப்பு' என்று போட்டு உங்கள் பெயர் வரவேண்டும் என முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஹோட்டல் படங்களை உங்கள் வேலைத் தொகுப்பில் சேர்க்கவும் அதிலேயே எழுத்தில் அனுமதி கேளுங்கள். இரண்டுக்கும் மறுத்தால் வேறு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போடுங்கள்.